பாதையும் பாத்தியதையும்: புத்தளக் கரையோரத்தில் வீதி உழைப்பு, ஆயம், தண்டம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

உள்ளூராட்சி மன்றமொன்று வீதியோரத்தில் வாகனம் நிறுத்துவதற்குக் கட்டணம் விதிப்பதும், கட்டத் தவறியவர்மீது தண்டம் சுமத்துவதும், அதனை எதிர்த்து முச்சக்கரவண்டிச் சாரதியும் மீன் வியாபாரியும் முறையிடுவதும் இன்று இலங்கையின் எச்சிறு நகரிலும் காணக்கூடிய நிகழ்ச்சிகளாகும். சில்லறைச் சச்சரவுகள் என்று கருதப்படுவதனாற்போலும், இவை எமது வரலாற்றாய்வாளரின் கவனத்தை அதிகம் ஈர்க்கவில்லை. அரச வம்சங்களின் எழுச்சி வீழ்ச்சி, குடியேற்றங்கள், கோயில்களின் தொன்மை ஆகியன பற்றி விரிவாக எழுதிய எமது புலமை மரபு, மக்கள் நாள்தோறும் நடந்து சென்ற வீதி எவ்வாறு உண்டாயிற்று, அதனை யார் அமைத்தனர், அதற்கு யார் விலை கொடுத்தனர் என்ற வினாக்களை எழுப்பியது அரிது.

அவ்வினாக்களைப் புத்தளக் கரையோரத்தை மையமாகக் கொண்டு எழுப்ப இக்கட்டுரை முற்படுகிறது. எமது வாதத்தைத் தொடக்கத்திலேயே சுருக்கமாகக் கூறிவிடலாம். இக்கரையோர மக்கள் உடலுழைப்பாகவும், பின்னர் தலைவரியாகவும், அதனோடு ஆயமாகவும், இன்று கட்டணமாகவும் தண்டமாகவும் வீதிக்கு இடையறாது செலுத்தி வந்துள்ளனர். ஆயின் அவ்வீதி யாருக்கு எவ்வாறு பயன்படவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவர்தம் கைக்கு எட்டியது சொற்பமே. தண்டப்பணம் பற்றிய இன்றைய சச்சரவுகளில் வெளிப்படுவது இப்பழைய முரண்பாடாகும்.

2

தெற்கே மாஓயா முதல் வடக்கே கலாஓயா வரை நீண்டு கிடக்கும் இக்கரையோரத்தைத் தெதுறு ஓயா, மீஓயா முதலிய ஆறுகள் குறுக்கறுத்துச் செல்கின்றன. கற்பிட்டிக் குடாநாட்டுக்கும் பெருநிலத்துக்கும் இடையே புத்தளக் களப்பு விரிந்து கிடக்கிறது. உப்பும் கருவாடும் இங்கிருந்து உள்நாட்டுக்குச் சென்றன. பாக்கும் பிற மலைநாட்டு விளைபொருள்களும் இவ்வழியே கடலை அடைந்தன. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இபுனு பதூதா கரையிறங்கியதாகக் கூறும் ‘பத்தாலா’ என்னும் ஊர் புத்தளமே எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அங்கிருந்து அவர் தரைவழியே சிவனொளிபாத மலைக்குச் சென்றார் என்பதிலிருந்து, கரையோரத்தை உள்நாட்டுடன் இணைத்த பாதைகள் அக்காலத்திலேயே பயன்பாட்டில் இருந்தமை புலனாகும்.

கண்டி இராச்சியத்தின் நிலமானிய அமைப்பில் இப்போக்குவரத்து ஒரு கடமையாக ஒழுங்கமைக்கப்பட்டிருந்தது. ‘மடிகே’ எனப்பட்ட பொதிமாட்டுப் பகுதியில் முஸ்லிம்கள் பெருமளவில் சேவை புரிந்தனர். ‘தவளம்’ எனப்பட்ட பொதிமாட்டு அணிகள் உப்பையும் கருவாட்டையும் ஏற்றிச் சென்று பாக்குடன் மீண்டன. நிலத்தை அனுபவித்ததற்கு ஈடாக அரசனுக்குச் செய்த இராசகாரியமும், தம் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த வாணிபமும் இங்கு ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. அக்காலத்துப் பாதை பெரும்பாலும் கால்நடைகளும் மனிதரும் நடந்து நடந்து உண்டாக்கிய தடமாகும். அதனை இலட்சியமயப்படுத்த நாம் விரும்பவில்லை. இராசகாரியமும் ஒரு சுரண்டல் வடிவமே.

பாதையைக் கைப்பற்றுவது வாணிபத்தைக் கைப்பற்றுவதாகும் என்பதை முதலில் தெளிவாக உணர்ந்தவர்கள் ஒல்லாந்தர். 1667க்கும் 1676க்கும் இடையில் அவர்கள் கற்பிட்டியில் எழுப்பிய கோட்டை களப்பின் வாயிலைக் காவல் செய்தது. புத்தளத்தின் ஊடாகக் கண்டி மன்னன் நடத்திய வெளிநாட்டு வாணிபத்தை அவர்கள் அங்கிருந்தே கண்காணித்தனர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மூலம் கரையோரம் முழுவதும் அவர்கள் வசமாயிற்று. புத்தளம் வரை நீண்ட அவர்களது கால்வாய் வழி இன்றும் மக்கள் வழக்கில் ஒல்லாந்தர் பெயராலேயே சுட்டப்படுகிறது. கோட்டை, கால்வாய் என்னும் இவ்விரண்டும் ஒரே நோக்கத்தின் இரு கூறுகளே: போக்குவரத்தை ஒரு வழிக்குள் ஒடுக்கி, அவ்வழியில் நின்று பயன்பெறுதல்.

3

1832ஆம் ஆண்டில், கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைகளை ஒட்டி, இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. சுதந்திரமான உழைப்புச் சந்தை ஒன்றை உருவாக்குதல் அதன் பொருளாதார நோக்கமாக இருந்தது. கற்பிட்டியிற் பிறந்தவரும் பின்னர் சட்டநிருபண சபை உறுப்பினராக விளங்கியவருமான சைமன் காசிச்செட்டி தமது இலங்கை ஊரகராதியை 1834இல் வெளியிட்டார். ஊர்களையும் ஆறுகளையும் இடங்களையும் நிரைப்படுத்திக் காட்டும் அத்தகைய நூலொன்று அக்காலத்தில் தோன்றியமை தற்செயலன்று. நாட்டை அறிந்து அளந்து இணைக்கவேண்டிய தேவை புதிய ஆட்சிக்கு ஏற்பட்டிருந்தது. தமிழ்ப் புலவர் வரலாற்றை எழுதியவர் என்றே காசிச்செட்டியைப் போற்றிவரும் நாம், குடியேற்ற ஆட்சியின் நிருவாக அறிவுக்கு அவர் ஆற்றிய பங்கையும் இணைத்து நோக்குதல் வேண்டும்.

இராசகாரியம் ஒழிந்து பதினாறு ஆண்டுகளில் அதன் ஒரு கூறு வேறு பெயரில் மீண்டது. தேசாதிபதி டொரிங்டன் காலத்தில், 1848இல், கொண்டுவரப்பட்ட வீதிக் கட்டளைச் சட்டம் 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் அனைவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், அல்லது அதற்கு ஈடாக மூன்று சிலிங் செலுத்தவேண்டும் என்று விதித்தது. அதே ஆண்டில் துப்பாக்கி, நாய், கடை, வள்ளம், வண்டில் ஆகியவற்றின் மீதும் வரிகள் விதிக்கப்பட்டன. யூலை மாதத்தில் மாத்தளையிலும் குருநாகலிலும் கிளர்ச்சி மூண்டது. அது ஒடுக்கப்பட்டு, ஆகத்து 8ஆம் நாள் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். 1845இல் உருவாக்கப்பட்ட வடமேல் மாகாணத்திலேயே குருநாகலும் புத்தளமும் சேர்ந்திருந்தன என்பது இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது.

கிளர்ச்சியின் விளைவாகப் புதிய வரிகளுட் பல கைவிடப்பட்டன. பௌத்த பிக்குகளுக்கு வீதிக் கடமையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஆனால் வீதிக் கடமை நிலைத்தது. நாய் வரியையும் கடை வரியையும் விட்டுக்கொடுத்த அரசு இதனை மட்டும் விடாது பற்றிக்கொண்டமைக்குக் காரணம் யாது? கோப்பித் தோட்டங்கள் பெருகிவந்த காலம் அது. தோட்டங்களிலிருந்து துறைமுகத்துக்கு வீதி தேவைப்பட்டது. அத்தோடு, தோட்டங்களில் உழைத்த இந்தியத் தொழிலாளர் இக்கடமையிலிருந்து விலக்கப்பட்டிருந்தனர். அவர்கள்மீது கொண்ட பரிவினால் எழுந்த விலக்காக இதனைக் கொள்ளுதல் பொருந்தாது. தோட்ட முதலாளிக்குரிய ஆறு நாள் உழைப்பு வீதியில் வீணாகக் கூடாது என்பதே அதன் உட்பொருள். தோட்டங்களுக்குச் செல்லும் கிளை வீதிகளை அமைப்பதில் பாதிச் செலவை அரசே ஏற்கும் ஏற்பாடும் பின்னர் உருவாயிற்று. உப்பு வாய்க்கால்களில் உழைத்தவனுக்கும் கரைவலை இழுத்தவனுக்கும் இத்தகைய ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை.

சட்டத்தின் பார்வையில் யாவரும் சமம்: தோட்டத் துரைக்கும் மூன்று சிலிங், மீனவனுக்கும் மூன்று சிலிங். மூன்று சிலிங்கை எளிதிற் கொடுக்கக்கூடியவன் ஆறு நாளை மீட்டுக்கொண்டான். கொடுக்க முடியாதவன் கல்லும் மண்ணும் சுமந்தான். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் ஆறு நாளை இழப்பது மீனவக் குடும்பத்துக்கு எத்தகைய பாரம் என்பதை விளக்கவேண்டியதில்லை. சமமான தொகை சமமற்ற சுமையாவது இவ்வாறே.

1861ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க வீதிகள் கட்டளைச் சட்டம் இவ்வேற்பாட்டை நிலைப்படுத்தியது. மாகாண வீதிக் குழுக்களும் மாவட்ட வீதிக் குழுக்களும் இதனை நடைமுறைப்படுத்தின. கடமையைச் செய்யாதும் பணத்தைக் கட்டாதும் இருந்தவர்மீது தண்டனை பாய்ந்தது. வீதியைப் பொறுத்தமட்டில் தண்டம் என்பது மோட்டார் வாகனத்துடன் தோன்றிய புதுமையன்று என்பதை இங்கு வற்புறுத்த விரும்புகிறோம். வீதியில் காலே வைக்காதவனும் வீதியின் பெயரால் தண்டிக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1915இல் தோன்றிய இளம் இலங்கையர் சங்கமும் அதன் முன்னணியில் நின்ற ஏ. ஈ. குணசிங்காவும் இத்தலைவரிக்கு எதிராக நடத்திய இயக்கத்தின் பின்னரே, 1920களில், அது ஒழிந்தது. இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் தொடக்ககாலப் போராட்டங்களுள் ஒன்று வீதியைப் பற்றியதாக அமைந்தமை ஆழ்ந்து நோக்கத்தக்கது.

4

உழைப்பைக் கொடுத்தும், அன்றேல் அதற்கீடான பணத்தைக் கொடுத்தும் அமைத்த வீதியிற் செல்வதற்கு மீண்டும் விலை கொடுக்கவேண்டியிருந்தது. வீதி, பாலம், தோணித்துறை, கால்வாய் ஆகியவற்றில் ஆயம் அறவிடப்பட்டது. ஆறுகள் குறுக்கிடும் இக்கரையோரம் போன்ற நிலப்பகுதியில் துறையையும் பாலத்தையும் தவிர்த்துச் செல்வதற்கு வழியில்லை. ஆயத்தை அரசு பெரும்பாலும் நேரடியாக அறவிடவில்லை. அவ்வுரிமையை ஏலத்தில் விற்றது. ஏலத்தில் எடுத்த குத்தகைக்காரர் அரசுக்கு ஒரு தொகையைச் செலுத்திவிட்டு அதற்கு மேற்பட்டதைத் தமதாக்கிக்கொண்டனர். சாராயக் குத்தகையும் ஆயக் குத்தகையும் பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கை முதலாளி வர்க்கத்தின் தொடக்க மூலதனத் திரட்டலில் வகித்த பங்கினைக் குமாரி ஜயவர்த்தனா முதலிய ஆய்வாளர் தெளிவுபடுத்தியுள்ளனர். வண்டிற்காரன் ஆயத்துறையில் எண்ணிக் கொடுத்த சில்லறைக் காசு எவ்வாறு மூலதனமாயிற்று என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இத்தகைய நிலைமை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. 1839க்கும் 1843க்கும் இடையில் வேல்சு நாட்டுக் குடியானவர் பெண் வேடம் பூண்டு இரவில் திரண்டு ஆயச் சாவடிகளை இடித்துத் தள்ளினர். றெபேக்காக் கலகங்கள் என வரலாற்றில் வழங்கும் அவ்வெழுச்சிக்கும் குத்தகைக்கு விடப்பட்ட சாவடிகளே உடனடிக் காரணமாயின. இலங்கையில் எதிர்ப்பு வேறு வடிவம் பெற்றது. கொழும்பு வண்டிற்காரர் 1906இல் வேலைநிறுத்தம் செய்தனர். வண்டிலில் ஏறியமர்ந்து ஓட்டுவதைக் கட்டுப்படுத்திய விதியை நடைமுறைப்படுத்த முற்பட்டமையே அதற்குக் காரணம். நகரின் வாணிபம் முடங்கவே அரசு இறங்கிவர நேர்ந்தது. நாள் முழுவதும் வெயிலில் மாடுகளுடன் நடக்கவேண்டியவன் யார், அவ்விதியை எழுதியவன் யார் என்ற வேறுபாட்டை அவ்வேலைநிறுத்தம் பகிரங்கப்படுத்தியது. புத்தளத்துக்குப் புகையிரதம் வந்தது 1920களிலேயே. அதுவரை இக்கரையோரத்தின் உப்பும் கருவாடும் கொப்பறாவும் படகையும் மாட்டு வண்டிலையுமே நம்பியிருந்தன.

5

கார்ல் மார்க்சு நிலவாடகையின் தோற்றத்தை ஆராயுமிடத்து, உழைப்பு வாடகை, பொருள் வாடகை, பண வாடகை என்னும் வடிவ மாற்றங்களைச் சுட்டுவார். வடிவம் மாறும்போது உறவின் தன்மையும் மறைந்து விடுகிறது. அரசனுக்காக ஆறு நாள் உழைப்பவனுக்குத் தன் உழைப்பு எங்கே போகிறது என்பது கண்கூடு. பணம் செலுத்துபவனுக்கு அது புலப்படுவதில்லை. இவ்வரிசையை வீதியின்மீது அப்படியே பொருத்திவிடுவது இயந்திரப் பாங்கான செயலாகும். வீதி தனியொருவரின் நிலமன்று. ஆறு நாள் கடமையும் ஆயமும் ஒரே காலத்தில் அருகருகே நிலவின. எனினும் உழைப்பிலிருந்து பணத்துக்கும், பணத்திலிருந்து தண்டத்துக்கும் நிகழ்ந்த நகர்வை விளங்கிக்கொள்ள அது எமக்குத் துணைபுரிகின்றது.

இதனினும் பொருத்தமானது 1842இல் இளம் மார்க்சு எழுதிய கட்டுரைத் தொடராகும். ரைன் மாகாணத்து ஏழைகள் காட்டில் விழுந்துகிடக்கும் சுள்ளிகளை வழக்காற்று உரிமையாகப் பொறுக்கிவந்தனர். அதனைத் திருட்டு என்று வரையறுக்கும் சட்டம் மாகாண சபையில் விவாதிக்கப்பட்டது. தண்டப்பணம் காட்டின் உடைமையாளனுக்கே சேரவேண்டும் என்றும் வாதிக்கப்பட்டது. வழக்காறு குற்றமாக்கப்படும்போது தண்டம் ஒரு வருமானமாகிறது என்பதை மார்க்சு அங்கு கண்டார். அரசு உப்பைத் தன் ஏகபோகமாக்கியபோது, தானாக விளைந்த உப்பை அள்ளியவன் குற்றவாளியான வரலாறு புத்தளக் கரையோரத்துக்குப் புதியதன்று. வீதியோரத்தில் கூடையை இறக்கி மீன் விற்பதும், மர நிழலில் வண்டிலை அவிழ்த்து விடுவதும் இத்தகைய வழக்காற்று உரிமைகளே. மோட்டார் வாகனத்தின் வருகையும் நகராக்கமும் அவற்றை ஒழுங்கு மீறல்களாக மாற்றின.

இன்றைய ஏற்பாட்டை நோக்குவோம். 1939ஆம் ஆண்டின் நகர சபைகள் கட்டளைச் சட்டமும் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டமும் துணைவிதிகளை ஆக்கவும் கட்டணங்களை அறவிடவும் சபைகளுக்கு அதிகாரம் அளிக்கின்றன. 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பொலிசாரின் கையில் உள்ளது. நீதிமன்றங்கள் விதிக்கும் தண்டப்பணத்திலிருந்து கிடைக்கும் தொகை உள்ளூராட்சி மன்றங்களின் வருமான மூலங்களுள் ஒன்றாகும். வாராந்தச் சந்தையில் கட்டணம் அறவிடும் உரிமையைச் சபைகள் ஆண்டுதோறும் கேள்விக்கு விடுவதும் குத்தகைக்காரர் அதனை எடுப்பதும் நாடெங்கும் வழமை. கொழும்பு மாநகரில் வீதியோர வாகன நிறுத்தக் கட்டணமும் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆயக் குத்தகைக்காரன் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் மீண்டும் வந்து நிற்பதை இதில் அடையாளம் காணலாம்.

ஒழுங்கு வேண்டியதில்லை என்பது எமது கருத்தன்று. ஒடுங்கிய கடைத்தெருவில் யாரும் எங்கும் வாகனத்தை நிறுத்தலாம் என்றால் முதலிற் பாதிக்கப்படுபவர் நடந்து செல்லும் ஏழையும் முதியவரும் பாடசாலைப் பிள்ளைகளுமே. எமது வினா வேறு: ஒழுங்கை வகுப்பவர் யார்? அதனால் வரும் பணம் எங்கே செல்கிறது? மணிக்கணக்கிற் காத்து நின்று ஒரு பயணியை ஏற்றும் சாரதிக்கும், கடைக்கு வந்து செல்லும் சொகுசு வாகனத்துக்கும் ஒரே தொகை விதிக்கப்படும்போது, 1848இன் மூன்று சிலிங் எமது நினைவுக்கு வருகிறது.

இவ்வினா வெறும் கோட்பாட்டு வினாவன்று. கிராம சபைகளும் பட்டின சபைகளும் 1981இல் மறைந்தன. அவற்றின் இடத்தைப் பிரதேச சபைகள் நிரப்பியது அதற்குச் சில ஆண்டுகளின் பின்னரே. உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிவடைந்த பின்னர், 2025 மே 6ஆம் நாள் வரை தேர்தல் நடத்தப்படவில்லை. ஈராண்டுகளுக்கு மேலாகத் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் எவரும் இன்றி அதிகாரிகளே சபைகளை நடத்தினர். அக்காலத்திலும் கட்டணங்கள் ஓயவில்லை, தண்டங்கள் ஓயவில்லை. தேர்ந்தெடுப்பவனாக மக்கள் இல்லாதபோதும் செலுத்துபவனாக அவர்கள் இருந்தனர்.

6

வீதியைப் பற்றிய சச்சரவு தண்டச் சீட்டுடன் முடிவதில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தஞ்சம் புகுந்தனர். அவர்களுட் பலர் நீண்ட காலம் தமது வாக்காளர் பதிவை வடக்கிலேயே வைத்திருந்தனர். எனவே, புத்தளத்தின் வீதிகளையும் கிணறுகளையும் பாடசாலைகளையும் உள்ளூர் மக்களோடு பகிர்ந்துகொண்ட அவர்களுக்கு, அவற்றை நிருவகித்த சபைகளில் குரல் இருக்கவில்லை. உள்ளூர் ஏழைக்கும் அகதிக்கும் இடையே மூண்ட மனத்தாங்கல்களின் பொருளாயத அடிப்படை இதுவே. இருவருக்கும் போதாத வளத்துக்கு இருவரையும் போட்டியிட வைத்த நிலைமையைக் காணாது, அதனை இன, ஊர்ப் பகைமையாக மட்டும் காண்பது தவறாகும்.

யுத்தம் முடிந்தபின் மன்னாருக்குத் திரும்ப முற்பட்ட மக்களுக்குப் புத்தளத்திலிருந்து எழுவன்குளம், பொன்பரப்பி, மறிச்சுக்கட்டி வழியே செல்லும் பழைய பாதை மிகவும் குறுகிய வழி. மதவாச்சியைச் சுற்றிச் செல்வதாயின் பயணம் மேலும் நீளும். ஆனால் அப்பாதை 1938இல் தேசிய வனமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட வில்பத்துவின் ஊடாகச் செல்கிறது. 2010இல் அது திறக்கப்பட்டபோது சூழல் பாதுகாப்பு அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தன. வனமும் விலங்கும் எதிர்காலச் சந்ததியினருக்குரிய பொதுச் செல்வம் என்பதை முற்போக்குச் சிந்தனையாளர் எவரும் மறுக்க இயலாது. இருபது ஆண்டுகள் அகதியாக வாழ்ந்தவன் தன் ஊருக்குச் செல்லக் கேட்கும் வழியும் நியாயமானதே. இரு பொது நலன்கள் இங்கு மோதுகின்றன.

ஆனால் இம்மோதலைத் தனியே நோக்காது அதன் சூழலில் வைத்து நோக்குதல் வேண்டும். வில்பத்துவின் தென்புறத்துக்கு அண்மையில் உள்ள அறுவாக்காட்டிலிருந்து சுண்ணாம்புக் கல்லைப் பாலாவிச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு எடுத்துச் செல்வதற்குத் தனியான புகையிரதப் பாதை உண்டு. அரசு தொடங்கிய அத்தொழிற்சாலை 1990களில் தனியார் கைக்கு மாறியது. கல் அகழப்பட்ட குழிகள் இருந்த அதே அறுவாக்காடு பின்னர் கொழும்பின் குப்பையைக் கொட்டும் இடமாகத் தெரிவு செய்யப்பட்டது. 2017 ஏப்ரிலில் மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து பலர் மாண்டதன் பின்னர் அத்திட்டம் விரைவுபெற்றது; 2018, 2019 ஆம் ஆண்டுகளில் புத்தள மக்கள் இன மத வேறுபாடின்றி அதனை எதிர்த்து வீதியில் இறங்கினர். கல்லுக்கு வழி கிடைத்தது. குப்பைக்கு வழி கிடைத்தது. மனிதருக்கு வழி வேண்டும் என்றபோதே அது வழக்காயிற்று. இவ்வொழுங்கு முறை எந்த நலன்களைச் சார்ந்து அமைகின்றது என்பதை ஊகித்தல் கடினமன்று.

7

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு நாம் வரலாம். முதலாவது, வீதி ஒரு நடுநிலையான பொருளன்று. அதன் ஒவ்வொரு கட்டத்திலும் உழைத்தவரும் பயன்பெற்றவரும் வேறுவேறானவர். இரண்டாவது, சுமையின் வடிவம் மாறிவந்துள்ளதேயொழிய அது சமமாகப் பகிரப்படவில்லை. மூன்றாவது, மக்கள் இதனை வாளாவிருந்து ஏற்கவில்லை. 1848இன் கிளர்ச்சியும், 1906இன் வேலைநிறுத்தமும், தலைவரி எதிர்ப்பும், அறுவாக்காட்டுப் போராட்டமும் அதற்குச் சான்று. நகர சபை வாயிலில் தண்டச் சீட்டுடன் நின்று வாதாடும் சாரதியும் அம்மரபின் வாரிசே. அவன் அதனை அறியாதிருக்கலாம்.

இவ்வரலாறு முழுமையாக எழுதப்பட வேண்டுமாயின், கச்சேரி அறிக்கைகளோடு வண்டிற்காரர் பாடல்களும் மீனவரின் அம்பாப் பாடல்களும் வாய்மொழிச் செய்திகளும் திரட்டப்பட வேண்டும். அறிக்கைகள் எத்தனை மைல் வீதி அமைந்தது என்பதைக் கூறும். எவர் முதுகு வளைந்தது என்பதைக் கூறா. பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் தத்தம் ஊர்களில் இப்பணியைத் தொடங்கலாம்.

உடனடியான கோரிக்கையும் ஒன்றுண்டு. ஒவ்வொரு சபையும் வீதிக் கட்டணத்தாலும் தண்டத்தாலும் சந்தைக் குத்தகையாலும் பெற்ற தொகையையும், வீதிக்குச் செலவிட்ட தொகையையும் மக்கள் விளங்கும் மொழியில் பகிரங்கமாக அறிவித்தல் வேண்டும். கட்டணம் விதிக்குமுன் அவ்வீதியை நம்பிப் பிழைப்போரின் சம்மதத்தைப் பெறுதல் வேண்டும். பாதைக்குச் செலுத்தியவனுக்கே பாதையில் பாத்தியதை உண்டு. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாகச் செலுத்தி வந்துள்ள மக்கள் இதற்கு மேலும் பொறுத்திருக்க வேண்டியதில்லை.